குழாயில் ஒரு வெள்ளை நூல்

ஆகஸ்ட் 3

குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். இன்னும் இரண்டரை மாதம் உள்ளேயே இருந்திருக்க வேண்டியவள். என் மனைவி மைதிலிக்கு ரத்த அழுத்தம் ஏறி, வேறு வழியில்லை என்று வயிற்றைக் கிழித்து எடுத்துவிட்டார்கள்.

காகித ஆலையில் பாய்லர் தண்ணீர் பரிசோதிப்பவன் நான். ஷிப்ட் முடிந்ததும் லாக் புத்தகம் எழுதியாக வேண்டும். என்ன நடந்தது, என்ன அளவு, யார் செய்தது. இதையும் அப்படியே எழுதுகிறேன். எதையாவது எழுதாமல் இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பயமெல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 4

பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் அப்பாக்களுக்கு மாலையில் மட்டும் அனுமதி. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். என் கைக்கடிகாரப் பட்டை அவள் இடுப்பைச் சுற்றி வந்துவிடும். பெட்டியில் 'மைதிலியின் பெண் குழந்தை' என்று ஒட்டியிருந்தது.

பொறுப்பு நர்ஸ் ஜெபமணி சிஸ்டர். ஐம்பது வயதிருக்கும். அதட்டல் குரல்.

"தொடுறதுன்னா தொட்டுக்கங்க, தடவக் கூடாது. தோலு இன்னும் பழுக்கல."

வெளியே வந்தால் பக்கத்து பெஞ்சில் சாதிக் பாய். நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டுகிறவர். இரட்டை ஆண் குழந்தைகள் உள்ளே இருக்கின்றன.

"ஒரு லட்சம் முட்டையக் கேரளாவுக்குக் கொண்டு போறவன் சார் நானு. ஒண்ணு ஒடைஞ்சதில்ல. இவனுங்களத் தொடச் சொன்னா கை ஆடுது. உங்களுக்கு?"

"இல்ல" என்றேன்.

"குடுத்து வெச்சவரு" என்றார். என் கையில் இருந்த டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாதி டீ தரையில் கிடந்தது.

ஆகஸ்ட் 5

மைதிலியின் துணி துவைத்தேன். டயாபர் வாங்கினேன், அதிலும் ஆகச் சிறிய அளவு பெரிதாக இருக்கிறது. வண்டியை நிறுத்திய இடம் ஆம்புலன்ஸ் வழி என்று காவலாளி கத்தினான், நானும் கத்தினேன்.

பதிவேட்டில் எழுதப் பெயர் கேட்டார்கள். அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு மாற்றி எழுதுவது, அடிப்பது, இதெல்லாம் வீண் வேலை. மைதிலி மனதில் ஏதோ பெயர் இருக்கிறது. சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 6

குழந்தைக்குக் குடல் இன்னும் முதிரவில்லை. பால் ஒரு மில்லிதான், மூக்குக் குழாயில். மீதிச் சத்தெல்லாம் ஒரு பையிலிருந்து நரம்பு வழியாக நேராக ரத்தத்துக்குப் போகிறது. கையில் குத்தி, இதயத்துக்குப் பக்கம் வரை செலுத்திய நூல் மாதிரியான ஒரு குழாய்.

இன்று அந்தப் பையின் லேபிளைப் படித்தேன். சர்க்கரை, அமினோ அமிலம், கால்சியம் குளுக்கோனேட், பொட்டாசியம் பாஸ்பேட்.

கால்சியமும் பாஸ்பேட்டும். ஒரே பையில்.

பாய்லருக்குள் பாஸ்பேட் விடுவதுதான் என் வேலையே. தண்ணீரில் மிஞ்சியிருக்கும் கால்சியத்தோடு அது சேர்ந்தால் வெள்ளைச் சேறாக அடியில் விழும், வடித்துவிடுவோம். இரண்டும் சேர்ந்தால் விழும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பாய்லருக்கு அடியில் வடிகால் உண்டு. இவளுக்கு? கல்லாக விழுந்தது நுரையீரலின் மயிரிழை நாளங்களில் போய் அடைக்கும்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கால்சியத்தின் செறிவையும் பாஸ்பேட்டின் செறிவையும் பெருக்க வேண்டும். வரும் எண் கரைதிறன் பெருக்கம் என்கிற எல்லைக்குள் இருந்தால் தெளிவாக இருக்கும். தாண்டினால் வீழ்படிவு. எனக்கு வந்தது எல்லையைப் போல் எழுநூறு மடங்கு. மறுபடி போட்டேன். அதே எழுநூறு.

டாக்டர் ஷெரினை வழியில் நிறுத்தினேன். மேல்படிப்பு மாணவி, என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. சீட்டை நீட்டினேன்.

"சார், லேபர் வார்டுல ஒரு பாப்பா அழல. அப்புறம் பேசலாம்" என்று ஓடிவிட்டார்.

அப்புறம் வரவேயில்லை.

ஆகஸ்ட் 7

இன்று ஒரு சம்பவம். பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 8

லாக் என்றால் எழுதத்தான் வேண்டும்.

நேற்று மாலை உள்ளே போனபோது பையிலிருந்து வரும் குழாய் தெளிவாக இருந்தது. ஆனால் அவள் கைக்குப் பக்கத்தில், கடைசியாக இருக்கும் சின்ன மூவழித் திருகைத் தாண்டி, உள்ளே போவது வெள்ளையாக இருந்தது. பால் போல. பாஸ்பேட் சேறு அப்படித்தான் இருக்கும். என் கணக்கு கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சுற்றிப் பார்த்தேன். புதிதாக வந்த ஒரு குழந்தையைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். மூவழித் திருகை மூடினேன்.

பம்ப் கத்த ஆரம்பித்தது. நிறுத்தினேன். அலாரத்தை அடக்கும் பொத்தான் எங்கள் ஆலை பம்ப்பில் எங்கே இருக்குமோ அங்கேதான் இருந்தது. திரும்பக் கத்தியது, திரும்ப நிறுத்தினேன். டாக்டர் வரட்டும், சீட்டைக் காட்டிக் கேட்கலாம் என்று திருகை மறைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கவனிக்கவில்லை.

ஜெபமணி சிஸ்டர்தான் முதலில் பார்த்தார்.

"யாருங்க மூடுனது? நகருங்க!"

"உள்ள கால்சியம் பாஸ்பேட் போகுது. வெள்ளையா இருக்கு பாருங்க. டாக்டரக் கூப்பிடுங்க முதல்ல."

"கொழுப்புச் சத்துங்க அது! கொழுப்பு! அந்தச் சிரிஞ்சுல இருந்து தனியா வருது, கண்ணு தெரியல?"

தெரியவில்லை. பைக்குப் பின்னால் இன்னொரு பம்ப்பில் ஒரு வெள்ளைச் சிரிஞ்சு. நான் பார்த்தது ஒரு லேபிளைத்தான்.

அதற்குள் அவள் நிறம் மாறிவிட்டது. உதடு முதலில், பிறகு நெற்றி. மூச்சு நின்றுவிட்டது. டாக்டர் ஷெரின் ஓடி வந்து, ஒரு எலுமிச்சம்பழ அளவு முகமூடியை வைத்து அழுத்தி அழுத்திக் காற்று கொடுத்தார். குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை இருபத்தெட்டு, நாற்பத்தைந்தாவது இருக்க வேண்டுமாம். அவளுக்குச் சர்க்கரை வருவதே அந்தக் குழாய் வழியாகத்தான். அதைத்தான் நான் மூடியிருந்தேன்.

என்னைக் காவலாளி வெளியே கொண்டுபோய் விட்டான். நான் போகமாட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை.

பிறகு டாக்டர் வெளியே வந்தார். பாய்லர், பாஸ்பேட் என்று நான் ஆரம்பித்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"என் பை என்ன உங்க பாய்லரா சார்?"

"கணக்குல..."

"கணக்கு இருக்கட்டும். நேத்தே நான் நின்னு பேசியிருக்கணும், அது என் தப்பு. ஆனா கை வெச்சது நீங்க. சந்தேகம் வந்தா கேளுங்க. நூறு தடவை கேளுங்க. கை வைக்காதீங்க. இனி நான் சொல்ற வரைக்கும் உள்ள வராதீங்க."

மூச்சு வந்துவிட்டது. சர்க்கரை ஏறிவிட்டது. மூளைக்கு ஏதும் ஆகியிருக்காதா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.

ஆகஸ்ட் 9

வராந்தாவில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'ஆஃப் பண்ணுன அப்பா.' சாதிக் பாய் மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. பெஞ்சில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். "நானும் ஒரு தடவ தூங்கி டிவைடர்ல ஏத்திருக்கேன் சார். உக்காருங்க" என்றார்.

தப்பு எங்கே என்று இன்று கண்டுபிடித்தேன். பி.எச்., அமிலமா காரமா என்கிற அளவு. நான் ஒன்பது என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். பாய்லர் தண்ணீர் எப்போதும் ஒன்பது, பத்து. யோசிக்காமல் கை அதை எழுதிவிட்டது. இந்தப் பையில் அமினோ அமிலம் இருக்கிறது, பி.எச். ஐந்தரைதான். அந்த அமிலத்தில் பாஸ்பேட்டில் பெரும்பகுதி கால்சியத்தோடு சேர்ந்து விழுகிற வடிவத்திலேயே இருக்காது. நூற்றில் இரண்டு பங்கு விழக்கூடியது, அவ்வளவுதான். மீதி ஆபத்தைக் கால்சியத்தைக் கட்டிப்பிடித்து வைக்கும் குளுக்கோனேட்டும் அமினோ அமிலமும் பார்த்துக்கொள்கின்றன. பை தெளிவாகத்தான் இருக்கும். தயாரித்தவர்களுக்குத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

விடை கிடைத்தால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. புதுக் கணக்கைப் பார்த்தால், அது எல்லைக்குள் வெகு தூரத்தில் இல்லை. விளிம்பில் நிற்கிறது. ஏற்கெனவே கால்சியம் இருக்கிற கரைசலில் இன்னும் கொஞ்சம் கால்சியம் சேர்த்தால் போதும், பாஸ்பேட்டை ஒரு துளியும் கூட்ட வேண்டாம், அது தானாகக் கீழே விழும். பொது அயனி விளைவு. பிளஸ் டூ பையன் எழுதுவான்.

யாரும் சேர்க்கப்போவதில்லை. எதற்குச் சேர்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 10

மைதிலிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நல்லதுக்குத்தான் பண்ணுனீங்க, தெரியும். ஆனா யாரையும் கேக்காமப் பண்ணுனீங்க." பால் கிண்ணத்தை மூடிக்கொண்டே, "எல்லாமே அப்படித்தான் பண்ணுவீங்க" என்றாள்.

அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அழவில்லை. பால் எடுத்த கிண்ணத்தை என்னிடம் தராமல் ஆயாவிடம் கொடுத்து அனுப்பினாள்.

துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 11

மழை. பெஞ்ச் நனைந்துவிட்டது. உள்ளே ஏதாவது பம்ப் கத்தினால் என் வலது கை விரல்கள் தாமாக மடங்குகின்றன. நரம்புத் தளர்ச்சியாக இருக்கும்.

ஆகஸ்ட் 13

ஜெபமணி சிஸ்டர் கதவைத் திறந்து, "மைதிலி வீட்டுக்காரரு!" என்று கூப்பிட்டார். இப்படிக் கதவைத் திறந்து கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று வராந்தாவில் எல்லோருக்கும் தெரியும்.

"பயப்படாதீங்க. பாப்பா நல்லாத்தான் இருக்கா. நெஞ்சோட வெச்சுச் சூடு குடுக்கணும். அம்மாவுக்குத் தையல்ல சீழ், காய்ச்சல். நீங்கதான் வரணும். சட்டையக் கழட்டுங்க."

"டாக்டர் வரக்கூடாதுன்னு..."

"அவங்ககிட்டக் கேட்டாச்சு. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. ரெண்டு கையும் அவ முதுகு மேல இருக்கணும். வேற எங்கயும் போகக் கூடாது. புரிஞ்சுதா?"

சாய்வு நாற்காலி. மார்பின் மேல் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, துணியால் கட்டினார்கள். எடையே இல்லை, சூடு மட்டும் இருந்தது. குழாயின் கடைசிப் பகுதியும் மூவழித் திருகும் என் இடது தோளுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக வந்துவிட்டன.

கையை நகர்த்தவில்லை. மூக்கு அரித்தது, விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 14

இன்றும் அதே நாற்காலி. குழந்தைக்குக் கை கால் அவ்வப்போது வெடவெடக்கிறது. அன்று நான் செய்ததாலா என்று டாக்டரிடம் கேட்டேன். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் அதுவல்ல.

மஞ்சள்காமாலை கொஞ்சம் ஏறியிருப்பதால் கொழுப்புச் சிரிஞ்சை நிறுத்திவிட்டார்கள். பை மட்டும் ஓடுகிறது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். காலையில் ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். பாதிப் பேர் விடுப்பு. வேறு வார்டிலிருந்து பவித்ரா என்று ஒரு இளம் நர்ஸ் இந்தப் பிரிவுக்கு வந்திருந்தாள். என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும், பக்கத்தில் வரும்போதெல்லாம் தள்ளியே நின்றாள்.

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. கால்சியம் குறைவு, வெடவெடப்பு அதனால்தான். டாக்டர் ஷெரின் என்னிடமே வந்து சொன்னார். "நீங்க பண்ணுனதால இல்ல. கால்சியம் ஊசி போட்டா நின்னுடும். இன்னொரு கையில இருக்கற நரம்பு ஊசி வழியா மெதுவாப் போடச் சொல்லியிருக்கேன்." முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு லேபர் வார்டுக்குப் போனார். ஒரு வாரமாக என் நெஞ்சின் மேல் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அவ்வளவு லேசாக இருந்த அந்த நேரத்தில்தான் இது நடந்தது.

குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தேன். பவித்ரா சிரிஞ்சோடு வந்தாள். குழந்தையின் அந்தக் கையைப் பார்த்தாள். ஊசி போட்டிருந்த இடம் வீங்கியிருந்தது. "இது போயிருச்சே" என்று தனக்குள் சொன்னாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்த மூவழித் திருகின் மூடியைக் கழற்றி, அதில் சிரிஞ்சைப் பொருத்தினாள்.

பை ஓடிக்கொண்டிருக்கிற குழாயில். விளிம்பில் நிற்கிற கரைசலில். இந்தச் சிரிஞ்சில் இருப்பது பையைவிடப் பதினைந்து மடங்கு அடர்த்தியான கால்சியம்.

கணக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது. வாய்தான் வரவில்லை.

எழுநூறு மடங்கு என்று அன்றும் இதே மாதிரிதான் தெரிந்தது. இதே மாதிரிதான் உறுதியாக இருந்தது. பிறகு இருபத்தெட்டு. உதடு, பிறகு நெற்றி. இப்போது நான் கத்தி, இவள் பயந்து கையை இழுத்து, குழாயே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால்? இதற்கும் நான் படித்திராத ஒரு காரணம் இருந்தால்? மறுபடி ஒரு பி.எச். ஒன்பதாக இருந்தால்? என் இரண்டு கைகளும் குழந்தையின் முதுகின் மேல் இருந்தன. அவள் மூச்சு என் உள்ளங்கைக்குக் கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பவித்ராவின் கட்டைவிரல் மெதுவாக அழுத்த ஆரம்பித்தது.

திருகைத் தாண்டிய இடத்தில், தெளிந்த குழாய்க்குள், ஒரு வெள்ளை நூல் தெரிந்தது. மயிரிழை அளவுதான். அசைந்தது.

"சிஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சிஸ்டர், இன்னைக்குக் கொழுப்பு ஓடுதுங்களா?"

"இல்லீங்களே. நேத்தே நிறுத்தியாச்சுங்க சார்." இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"அப்ப அந்த வெள்ளை என்னதுங்க?"

குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை. சிரிஞ்சைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அந்த நூலைத் தள்ளிக்கொண்டு.

"ஜெபமணி சிஸ்டர்!" என்று கத்தினேன். இந்த முறை வாய் வந்தது. மார்பின் மேல் குழந்தை துள்ளியது. "இங்க வாங்க! குழாயில விழுந்துருக்கு!"

அவர் ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் மூவழித் திருகை மூடினார். அன்று நான் மூடிய அதே திருகு, அதே பக்கம். பம்ப் கத்தியது.

"பவித்ரா, நிக்காத. சர்க்கரத் தண்ணி எடு, புது ஊசி எடு. ஷெரின் மேடத்தக் கூப்புடு, ஓடு!"

டாக்டர் வந்ததும் குழந்தையைப் பெட்டிக்கு மாற்றவில்லை. "அங்கயே இருக்கட்டும், சூடு போகும். சார், வலது கையால அவ காலப் பிடிங்க. ஆடாமப் பிடிக்கணும்." பிடித்தேன். முதல் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது உடைந்தது. அன்று எவ்வளவு நேரத்தில் இருபத்தெட்டு ஆனது என்று நான் கவனிக்காமல் போனது நினைவுக்கு வந்தது. மூன்றாவது கிடைத்தது. சர்க்கரை ஏறியது. பிறகு அந்த நீளக் குழாயை மெல்ல உருவி எடுத்தார்கள்.

ஜெபமணி சிஸ்டர் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். உள்ளே ரவை மாதிரி ஒட்டியிருந்தது. பவித்ரா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். கிண்டலாகக் கேட்கவில்லை.

"நீங்க கணக்குப் போடுவீங்களே சார். எவ்வளவு உள்ள போயிருக்கும்?"

"எவ்வளவு விழும்னு கணக்கு சொல்லிடும். எங்க போச்சுன்னு சொல்லாதுங்க" என்றேன்.

தலையாட்டினார். "அப்ப பாத்துட்டே இருக்கணும்" என்றார்.

ஆகஸ்ட் 16

ஆக்சிஜன் எண் தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று ஐந்து. எண்பத்தொன்பது. காலில் ஒட்டிய உணரி கழன்றிருந்தது. தொண்ணூற்று நான்கு.

மைதிலியிடம் நானே போய்ச் சொன்னேன், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால். முழுதும் கேட்டாள். "கேட்டீங்களா?" என்றாள். "கேட்டேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18

மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "அர்த்தம் இல்ல. ஆனா நல்லதுதான்" என்றார். வெடவெடப்பு நின்றுவிட்டது.

சாதிக் பாயின் பையன்களில் ஒருவனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பெஞ்சில் மிட்டாய் கொடுத்தார். "ஒரு ட்ரே எறக்கியாச்சு சார். இன்னொண்ணு இருக்கு" என்றார். சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 20

புதுக் குழாய் போட்டுவிட்டார்கள். பவித்ரா அந்தப் பிரிவிலேயே இருக்கிறாள். போகிறேன் என்று அழுதவளை ஜெபமணி சிஸ்டர்தான் இருத்திவைத்தார் என்று கேள்வி. இன்று ஒவ்வொரு மருந்தையும் எடுக்கும்போது எந்த வழியில் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

பதிவேட்டில் பெயர் கேட்டார்கள். மைதிலி சொன்னதை எழுதிக் கொடுத்தேன். ஆதிரை. இதை நான் ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன் என்று ஜெபமணி சிஸ்டர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கணக்கை நான் போடவில்லை. சிரிஞ்சிலிருந்து எவ்வளவு போனது என்று தெரியும், பையின் அளவு தெரியும், குழாயின் கொள்ளளவு தெரியும். எவ்வளவு விழுந்திருக்கும் என்று ஒரு சீட்டின் பின்பக்கத்தில் போட்டுவிடலாம். சீட்டு சட்டைப் பையில்தான் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.

"சட்டையக் கழட்டுங்க" என்றார் சிஸ்டர்.

உட்கார்ந்தேன். ஆதிரையை மார்பின் மேல் வைத்துக் கட்டினார்கள். புதுப் பை தொங்கியது, தெளிவாக இருந்தது. இரண்டு கையையும் அவள் முதுகின் மேல் வைத்துக்கொண்டேன். குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.